கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பா?

ஐந்தாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்துத் தானாகவே போட்டுப் பார்க்கிறது. விடையும் சரியாக வருகிறது. தமிழ், மலையாளம், சமூக அறிவியல் எல்லாம் வயதுக்கேற்றபடிதான் இருக்கின்றன. கணக்கு மட்டும் மூன்று வகுப்பு முன்னே ஓடுகிறது. அந்த ஒரு பாட வேளைக்கு மட்டும் பிள்ளையை மேல் வகுப்பில் உட்காரவைக்கலாமா?

திருவனந்தபுரத்தில் இப்படிக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "பிஞ்சிலே பழுக்க வேண்டாம், சும்மா விடுங்கள்" என்பார்கள். இல்லாவிட்டால், "தம்பானூரில் ஒரு கோச்சிங்கில் சேர்த்துவிடுங்கள், என்ட்ரன்ஸுக்கு உதவும்" என்பார்கள். இரண்டுமே கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. அறிவியல் இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து, ஓரளவு தெளிவான விடையும் வைத்திருக்கிறது. நம் பள்ளி அறைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதே ஊரில் ஒரு பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் 1813-இல் பிறந்த சுவாதித் திருநாள் கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் ஆட்சியைக் கவனித்துக்கொள்ள, இளவரசரின் படிப்பைத் தஞ்சாவூரிலிருந்து வந்த சுப்பா ராவ் கவனித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் தேர்ந்தவர் என்பதால் அவருக்கு 'இங்கிலீஷ் சுப்பா ராவ்' என்றே பெயர். 1825-இல் இளவரசரைப் பார்க்கப் போன கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, அந்தச் சந்திப்பைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 12 வயதுப் பையன் யூக்ளிடின் 47-ஆம் தேற்றத்தைத் தேர்ந்தெடுத்து, சாதாரண நாட்டுச் சிலேட்டில் அதன் படத்தை வரைந்து காட்டினாராம். நம் பள்ளிகளில் பிதாகரஸ் தேற்றம் என்று படிப்பது அதைத்தான். இன்றைய பாடத்திட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வியப்பாகத் தோன்றாது. ஆனால் ஒரு பக்கம் சமஸ்கிருதம், ஒரு பக்கம் பாரசீகம், ஒரு பக்கம் ஆங்கிலம், இசை, கணிதம் என்று ஒவ்வொன்றையும் அதனதன் வேகத்தில் அந்தப் பிள்ளை படித்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரே ஒரு மாணவர். வகுப்பு என்ற ஒன்று இல்லாததால் முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை.

அதே சுவாதித் திருநாள்தான் அரசரான பிறகு 1834-இல் இங்கே ஆங்கிலப் பள்ளியைத் திறந்தார். இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரி அதன் வழி வந்தது. பள்ளி வந்தால் வகுப்பும் வரும், வகுப்பு வந்தால் சராசரி வேகமும் வரும். பொதுமக்களின் பிள்ளைகள் படிக்க வேறு வழியில்லை என்பது உண்மை. அந்தச் சராசரி வேகம் சிலருக்கு ஒரே ஒரு பாடத்தில் மட்டும் ஒத்துவராது என்பதும் உண்மை.

ஒத்துவராதபோது என்ன ஆகும் என்பதற்கு ராமானுஜன் கதையை விட நல்ல பாடம் இல்லை. அதை நாம் பெரும்பாலும் மேதைமையின் கதையாகவே சொல்கிறோம். கால அட்டவணையின் கதையாகவும் அதைப் படிக்கலாம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, கல்லூரி மாணவர்கள் படிக்கும் லோனியின் திரிகோணமிதி நூலைச் சுமார் 13 வயதில் முடித்துவிட்டார். 1903-இல் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் கைக்கு வந்தது. கிட்டத்தட்ட 5000 தேற்றங்களும் வாய்பாடுகளும் கொண்ட அந்த நூலில் நிரூபணம் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவத் தொடங்கினார். 1904-இல் பள்ளியை முடித்தபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்க வேண்டிய மாணவர் என்று தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையில் பாராட்டினார்.

பாராட்டினார்கள், வழி செய்யவில்லை. உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜனுக்கு எஃப்.ஏ. வகுப்பில் ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க-ரோம வரலாறு எல்லாம் சேர்ந்தே வந்தன. கணிதத்தில் அந்த வகுப்பு அவருக்குப் பல ஆண்டு பின்தங்கியிருந்தது. மற்றவற்றில் அவருக்கு மனம் செல்லவில்லை. தேறாததால் உதவித்தொகை போனது. 1905-இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இலும் 1907-இலும் தேர்வு எழுதி இரண்டு முறையும் தவறினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கர் வேலை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது 1913-இல்தான். பட்டம் இல்லாத ஒருவருக்காக விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். 18 வயதிலிருந்து 25 வரை ஒரு கணித அறிஞருக்கு மிக முக்கியமான காலம் என்றும், ராமானுஜனுக்கு அது வீணாகப் போனதென்றும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி பின்னாளில் வருந்தினார்.

இங்கே கவனியுங்கள். ராமானுஜன் ஒரு பாடத்தில் முந்திப் போனது அவரைக் கெடுக்கவில்லை. அந்தப் பாடம் முந்திப் போய்விட்டது என்பதை மற்ற ஏற்பாடு எதுவும் கண்டுகொள்ளாததுதான் கெடுத்தது.

சரி, நம் வீட்டுப் பிள்ளை உண்மையிலேயே முந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் தடை மதிப்பெண் பட்டியல்தான். கணக்கில் 100-க்கு 100 வாங்கும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் ஐந்து பேர் இருக்கலாம். ஐந்தடிக் கோலில் ஆறடி ஆளை நிறுத்தி அளந்தால் ஐந்தடிக்கு மேல் என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு மேல் என்று தெரியாது. எல்.எஸ்.எஸ்., யு.எஸ்.எஸ். போன்ற உதவித்தொகைத் தேர்வுகளும் அந்தந்த வகுப்பை ஒட்டியே அமைந்தவை. நல்ல மாணவரை அடையாளம் காட்டும். எவ்வளவு தூரம் முன்னே நிற்கிறார் என்று காட்டாது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி. 1969 வாக்கில் ஜோசப் பேட்ஸ் என்ற 13 வயதுச் சிறுவனைப் பற்றி அவரிடம் சொன்னார்கள். ஸ்டான்லி அவனுக்கு அவன் வயதுக்கான தேர்வு எதையும் வைக்கவில்லை. கல்லூரியில் சேரப்போகும் 17, 18 வயதினர் எழுதும் சாட் தேர்வையே வைத்தார். பையன் அதில் சிறப்பாகச் செய்தான். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் பொருத்தமான வகுப்பு கிடைக்காததால் பல்கலைக்கழகத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். 17 வயதில் இளங்கலையும் முதுகலையும் முடித்து வெளியே வந்தான். 1971-இல் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு இன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் லுபின்ஸ்கி, கமில்லா பென்போ இருவர் கையில் தொடர்கிறது. 5000-க்கும் மேற்பட்டவர்களைச் சிறு வயதிலிருந்து நடுவயது வரை பின்தொடரும் ஆய்வு அது.

ஸ்டான்லியின் சூத்திரம் எளிது: பிள்ளையின் வகுப்புத் தேர்வை மூடிவைத்துவிட்டு மேல் வகுப்புத் தேர்வைக் கொடு. இங்கே இதற்குச் செலவே இல்லை. பூஜப்புரையில் இருக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடநூல்களைத் தமிழ் வழி உட்பட இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு ஆண்டிறுதித் தாள், பிறகு ஏழு, பிறகு எட்டு என்று, சொல்லிக்கொடுக்காமலே, ஒரு வார இடைவெளியில் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எந்தத் தாள் கிட்டத்தட்ட முழுதும் சரியாக வருகிறதோ அந்த வகுப்பில் ஓர் ஆண்டு உட்காருவது வீண். எந்தத் தாளில் பாதி வருகிறதோ, பாதி திணறுகிறதோ, அங்கேதான் அந்தப் பிள்ளை படிக்க வேண்டியது இருக்கிறது.

எழுத்துத் தாளோடு நிறுத்தக் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை எட்டாம் வகுப்பில் இருந்தாலும் கை நான்காம் வகுப்பில்தான் இருக்கும். படிப்படியாக எழுதிக் காட்டச் சொன்னால் சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிடும். அதனால் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அரையைக் காலால் வகுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். "பின்னாடி இருக்கிறதைத் திருப்பிப் போட்டுப் பெருக்கணும், ரெண்டு" என்று ஒரு பிள்ளை பளிச்சென்று சொல்லும். வகுத்த பிறகு எப்படி அரையை விடப் பெரிதாக வந்தது என்று கேட்டால் முழிக்கும். இன்னொரு பிள்ளை கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, "அரை லிட்டர் பால்ல எத்தனை கால் லிட்டர் இருக்கு? ரெண்டு" என்று சொல்லும். முதல் பிள்ளைக்கு யாரோ வேகத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்குத்தான் மேல் வகுப்பு.

அபாகஸ் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸிலும் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. அதை வைத்து வகுப்பு மாற்றும் முடிவு எடுத்தால், பின்னங்கள் முடிந்து இயற்கணிதம் வரும் இடத்தில் பிள்ளை சறுக்கி விழும். பழி "மேல் வகுப்பில் போட்டதால்தான்" என்று வேறொன்றின் தலையில் போய் விழும்.

அடுத்து பயம். பிள்ளையின் மனம் கெட்டுவிடாதா, பெரிய பிள்ளைகளோடு ஒட்டாதே, பிற்காலத்தில் ஏங்குமே என்கிற பயம். இந்தப் பயத்துக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாக நின்றவர் வில்லியம் சைடிஸ். 1909-இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்து, நாளிதழ்களின் வாயில் விழுந்து, பின்னர் எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சில்லறை வேலைகளில் ஒதுங்கி, 46 வயதில் இறந்தவர். அதே ஆண்டு அதே ஹார்வர்டில் நார்பர்ட் வீனர் என்ற இன்னொரு சிறுவன் 14 வயதில் மேற்படிப்புக்குச் சேர்ந்தான். 18 வயதில் முனைவர் பட்டம் பெற்றுப் பின்னாளில் சைபர்னெட்டிக்ஸ் என்ற துறையையே உருவாக்கினான். சைடிஸ் கதை ஊர் ஊராகப் பரவியது. வீனர் கதையை யாரும் பயமுறுத்தச் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் பயமுறுத்த ஒன்றும் இல்லை.

தனி ஆள் கதைகளை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்போம். 2021-இல் பெர்ன்ஸ்டைன், லுபின்ஸ்கி, பென்போ மூவரும் வெளியிட்ட ஆய்வு, ஸ்டான்லி காலத்தில் அடையாளம் காணப்பட்ட 1,636 பேரை 35 ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்தது. பள்ளியில் வேகமாக முன்னேறியவர்களின் மனநலம் 50 வயதில் கெட்டிருந்ததா என்று தேடினார்கள். அப்படி ஒன்றும் தென்படவில்லை. 2016-இல் நூறாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகள் போகாத தம் வயதொத்த திறமைசாலிகளை விடப் படிப்பில் 0.70 திட்ட விலக்கம் முன்னே இருந்தார்கள்; தங்களை விட மூத்த வகுப்புத் தோழர்களுக்குச் சமமாக நின்றார்கள். கல்வி ஆய்வில் 0.70 என்பது சின்ன எண் அல்ல.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை மேலே அனுப்பிப் பாதிப் பேரை நிறுத்திவைத்துச் சோதித்த ஆய்வுகள் அல்ல இவை. மேலே அனுப்பப்பட்டவர்கள் ஏற்கனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆர்வம் உள்ளவர்கள், வீட்டில் ஆதரவு உள்ளவர்கள். எனவே இந்த எண்கள் "எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் மேலே தள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. சரியாக அளந்து அனுப்பினால் கெடுதல் வருவதில்லை என்றுதான் சொல்கின்றன. என் கணக்கில் அதுவே போதும்.

ஒரு வகுப்பையே தாண்டுவதை விட ஒரு பாடத்தில் மட்டும் தாண்டுவது மென்மையான வழி. தோழர்கள் மாறுவதில்லை, விளையாட்டு வேளை மாறுவதில்லை, மற்ற பாடங்களில் அடித்தளம் விட்டுப்போவதில்லை. ஆனால் ஏற்பாட்டில் இதுதான் கடினமான வழி. ஐந்தாம் வகுப்பின் கணக்கு வேளையும் ஏழாம் வகுப்பின் கணக்கு வேளையும் ஒரே நேரத்தில் வராவிட்டால் பிள்ளை தினமும் வேறு ஏதோ ஒரு பாடத்தை இழக்கும். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த அற்ப விஷயத்தில்தான். ஜூனில் அட்டவணை போடும் ஆசிரியர் மனம் வைத்தால் இரண்டு வேளைகளையும் நேருக்கு நேர் வைத்துவிடலாம்.

அதை விடப் பெரிய கேள்வி, மூன்று ஆண்டு கழித்து என்ன என்பது. தொடக்கப் பள்ளியில் இருக்கும் பிள்ளை நான்காம் வகுப்புக் கணக்கை மூன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட்டால் அடுத்த வகுப்பு அந்த வளாகத்திலேயே இருக்காது. மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கை எட்டாம் வகுப்பில் முடித்தாலும், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை எல்லாப் பாடங்களோடும் சேர்த்துப் பத்தாம் வகுப்பில்தான் எழுத முடியும். இடையில் உள்ள இரண்டு ஆண்டு யார் பொறுப்பு? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் டெரன்ஸ் டாவோவின் பெற்றோர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975-இல் பிறந்த டாவோ 7 வயதில் உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்புக்குப் போகத் தொடங்கினார். 9 வயதில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம், மற்றவற்றுக்குப் பள்ளி. ஒவ்வொரு பாடத்துக்கும் வெவ்வேறு வகுப்பில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படியிலும் அடுத்த படியின் ஆசிரியர் யார் என்று பெற்றோர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். கணிதம் அவ்வளவு முன்னே ஓடியும் முழுநேரக் கல்லூரிக்கு அவசரப்பட்டு அனுப்பிவிடவில்லை. 1988 சர்வதேச கணித ஒலிம்பியாடில் 13 வயதில் தங்கம், 1996-இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம்.

டாவோ போன்றவர்கள் பல லட்சத்தில் ஒருவர். நம் பிள்ளை அப்படி இல்லாவிட்டாலும் அந்தத் திட்டமிடல் எல்லாருக்கும் பொருந்தும்.

அனுப்பக் கூடாத இடங்களும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவான மதிப்பீட்டு முறை ஒன்று முழு வகுப்பைத் தாண்டுவதற்குச் சில கண்டிப்பான தடைகளை வைத்திருக்கிறது. பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்றால் கூடாது. போகப்போகும் வகுப்பில் அண்ணனோ அக்காவோ படித்தால் கூடாது. இரண்டாவது விதியைப் படித்தபோது இதை எழுதியவர்கள் வீடுகளை நன்றாக அறிந்தவர்கள் என்று தோன்றியது. ஒரு பாடத்துக்கு மட்டும் போவதாக இருந்தாலும், தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன்னை விட முந்திக் கை தூக்குவதை எந்த அண்ணனும் மறக்க மாட்டான்.

மேல் வகுப்பு கிடைக்காத இடத்தில் ஆழம் இருக்கிறது. 1-ஐ மூன்று வெவ்வேறு பின்னங்களின் கூட்டுத்தொகையாக எழுது, ஒவ்வொன்றிலும் மேலே 1 மட்டும்தான் இருக்க வேண்டும் என்று கொடுத்துப் பாருங்கள். 1/2 + 1/3 + 1/6 என்று சில பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். வேறு விடை உண்டா என்று கேட்டால்தான் விளையாட்டு தொடங்கும். 1/2 இல்லாமல் எழுதினால் அதிகபட்சம் 1/3 + 1/4 + 1/5, அது 47/60, ஒன்றை எட்டாது. ஆகவே 1/2 இருந்தே தீர வேண்டும். மீதி அரையை இரண்டு வெவ்வேறு பின்னங்களாகப் பிரித்தால் பெரியது 1/4-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும், அதாவது 1/3, மற்றது 1/6. வேறு விடை இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பின்னங்களுக்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஒலிம்பியாட் கணக்குகளின் குணமும் இதுதான். ஆனால் ஆழம் இருக்கிறதே என்று சொல்லி, தெரிந்ததையே ஆண்டு முழுக்க நோட்டில் எழுதவைப்பதற்கு அதைச் சாக்காக்கக் கூடாது. 1993-இல் சாலி ரைஸ் குழு நடத்திய ஆய்வில், திறமையான பிள்ளைகளுக்கு வகுப்புப் பாடத்தில் 40 முதல் 50 சதவீதத்தை நீக்கியும் அவர்களின் தேர்ச்சி குறையவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பைப் பேசுகிறது. படிப்பு விட்டுப்போன பிள்ளைகளைக் காக்கவே அந்த விதி வந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சிறப்புத் திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கணித வட்டங்கள், மன்றங்கள், ஒலிம்பியாடுகள் என்று முக்கியமாகப் பேசுகிறது. நல்லதுதான். ஆனால் முகாமுக்கும் வட்டத்துக்கும் போய்வர நேரமும் பணமும் வேண்டும். சாலைக் கடைத்தெருவில் வேலை பார்ப்பவரின் மகளுக்குப் பக்கத்து வகுப்பறைக்கு நடந்துபோக எதுவும் செலவில்லை. திறமையை வளர்க்கும் வழிகளில் மிகவும் மலிவானது இது. நம் கல்வித் துறை இதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

எனவே இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்கு: ஏப்ரல், மே விடுமுறையில் மேல் வகுப்புத் தாள்களைக் கொடுத்துப் பாருங்கள். விடைத்தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டவணை போடுவதற்கு முன்பே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். "என் பிள்ளை மேதை" என்று தொடங்காதீர்கள். எந்தக் கணக்கு வந்தது, எது வரவில்லை என்று காட்டுங்கள். முதல் பருவம் வரை சோதனையாக வைத்துக்கொள்வோம், ஒத்துவராவிட்டால் பழைய வகுப்புக்கே திரும்பிவிடலாம், அதில் யாருக்கும் அவமானம் இல்லை என்று இரு தரப்பும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் முன்னால், "உனக்குப் போகப் பிடிச்சிருக்கா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.